கோடு போகணும்னா கண்ணாடி கரையணும்

காலை ஏழு மணிக்கு நீலாம்பூரைத் தாண்டி அவிநாசி பக்கம் போகிறவர்களுக்குச் சூரியன் நேர் எதிரே நிற்கும். வீட்டில் துடைத்துவிட்டுக் கிளம்பிய முன்கண்ணாடி அங்கே வந்ததும் வெளுத்துவிடும். வைப்பர் போய்வரும் பாதையெங்கும் வில் வில்லாகக் கோடுகள் மின்னும். முன்னால் போகிற பைக்காரர் அந்த வெளுப்புக்குள் பாதி மறைந்துபோவார். மத்தியானம் மரநிழலில் நிறுத்திப் பார்த்தால் ஒரு கோடும் தெரியாது. கோட்டின் இரு விளிம்புகளும் தம்மேல் விழும் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சிதறடிக்கின்றன. எதிரிலிருந்து பலமான வெளிச்சம் வந்தால்தான் அந்தச் சிதறல் கண்ணுக்கு எட்டும். இரவில் பைபாஸில் எதிரே வரும் லாரியின் ஹெட்லைட்டும் இதே வேலையைச் செய்யும்.

"ஏனுங்கண்ணா, பாலிஷ் போட்டா இது போயிருமுங்களா?"

கார் டீடெய்லிங் கடைகளில் தினமும் விழும் கேள்வி. பதில் சொல்லும் முன் கடைக்காரர் கட்டைவிரல் நகத்தைக் கோட்டுக்குக் குறுக்கே மெதுவாக இழுத்துப் பார்ப்பார். நகம் வழுக்கிக்கொண்டு போனால் "பார்த்தரலாமுங்க" என்பார். சிக்கினால் பேச்சு வேறு மாதிரி போகும். இந்த நகச் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம், ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு சரியானது. கண்ணுக்குத் தெரியும் கோடு ஓரிரு மைக்ரான் ஆழம் மட்டுமே இருக்கலாம். மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நகம் சிக்குகிற கோடு அதைப்போல் பத்து, இருபது மடங்கு ஆழமாக இறங்கியிருக்கும். பாலிஷ் வேலையில் ஆழம் கூடினால் நேரம் கூடும், ஆபத்தும் கூடும். ஏன் என்று பார்க்க, கோடு எப்படி விழுகிறது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது.

கண்ணாடியைக் கீற அதைவிடக் கடினமான பொருள் வேண்டும். கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் கார் கண்ணாடிக்கு ஏறத்தாழ ஐந்தரை. குவார்ட்ஸ் எனப்படும் படிகக்கல்லுக்கு ஏழு. கொங்கு மண்ணுக்கு அடியில் கிடப்பது பெரும்பாலும் நைஸ், கிரானைட் வகைப் பாறைகள். இவற்றில் குவார்ட்ஸ் தாராளமாக இருக்கிறது. கரட்டில் காற்று கிளப்பும் புழுதியிலும், கிரஷரிலிருந்து எம்-சாண்ட் ஏற்றி வரும் டிப்பர் உதிர்த்துவிட்டுப் போகும் தூளிலும் அதே குவார்ட்ஸ்தான். அந்தத் தூள் கண்ணாடிமேல் சும்மா உட்கார்ந்திருக்கும்வரை ஒன்றும் ஆகாது. அதன்மேல் எதையாவது அழுத்தி இழுக்கும்போதுதான் கோடு விழுகிறது. மழையின் முதல் தூறலுக்கு அவசரமாக வைப்பரைப் போடுகிறோமே, அந்த முதல் இரண்டு வீச்சுகள்தான் கண்ணாடிக்கு வருஷத்திலேயே மோசமான நேரம். தூசி முழுதாக நனைந்திருக்காது, ரப்பர் அதைப் பிடித்துக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்துப்போகும்.

பக்கக் கண்ணாடியின் கோடுகள் செங்குத்தாக இருப்பதைக் கவனித்தால் காரணம் விளங்கிவிடும். கதவின் மேல்விளிம்பில் கண்ணாடியை ஒட்டி ஓடும் ரப்பர் பீடிங்கில் மணல் சிக்கிக்கொள்கிறது. கண்ணாடியை இறக்கி ஏற்றும் ஒவ்வொரு தடவையும் அந்த மணல் அதே இடத்தில் அதே கோட்டை ஆழப்படுத்துகிறது. அடிக்கடி இறக்கி ஏற்றுகிற டிரைவர் பக்கக் கண்ணாடிதான் முதலில் கெடும்.

மூன்றாவது வகை, மனிதர்கள் கையாலேயே போட்டுக்கொள்வது, முக்கியமாகக் கறுப்பு ஃபிலிமைக் கழற்றும்போது. 2012 ஏப்ரல் 27 அன்று அவிஷேக் கோயங்கா வழக்கில் கார் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதற்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. மோட்டார் வாகன விதிப்படி முன், பின் கண்ணாடிகள் வழியே 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் வழியே 50 சதவீதமும் வெளிச்சம் போக வேண்டும். அது தொழிற்சாலையில் கண்ணாடி உருவாகும்போதே அமைய வேண்டியது, பிறகு ஃபிலிம் ஒட்டிச் சரிசெய்வதற்கு இடமில்லை என்றது தீர்ப்பு. ஃபிலிமைக் கழற்றுவதற்குச் சுலபமான வழியாகப் பலருக்குத் தோன்றுவது பிளேடு. பசையோடு ஒட்டியிருக்கும் ஒற்றை மணல் துணுக்கு பிளேடுக்கு அடியில் அகப்பட்டால் போதும், உள்பக்கம் நீளமாக ஒரு கோடு ஓடிவிடும். பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்கிரப்பரும் அப்படித்தான். அதில் பல வகைகளில் அலுமினியம் ஆக்சைடு துகள் ஒட்டியிருக்கிறது. மோஸ் அளவில் அது ஒன்பது.

கோடு என்று கொண்டுவரப்படுவதில் கணிசமானவை கோடே அல்ல. கோவையின் சில பகுதிகளுக்குக் கிடைக்கும் சிறுவாணித் தண்ணீரில் கார் கழுவும் பாக்கியம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் கால்சியம், மக்னீசியம் உப்புகள் கண்ணாடிமேல் படிந்து, துடைத்த திசையிலேயே வரி வரியாக நிற்கும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டு வைத்துச் சில நிமிடம் கழித்துத் துடைத்தால் போகிறதென்றால் அது உப்புக்கறை. கட்டடம் எழும்பும் இடத்தில் நின்ற வண்டிமேல் தெறித்த ஈர சிமென்ட் இதைவிடப் பொல்லாதது. அதன் காரத்தன்மை கண்ணாடியையே அரித்துவிடும்; சுரண்டி எடுத்த பிறகும் அதன் தடம் மங்கலாக நிற்கும்.

சரி, உண்மையான கோடு. அதை நிரப்ப முடியாது. கல் பட்டு முன்கண்ணாடியில் விழும் நட்சத்திர விரிசலுக்குள் பிசின் ஏற்றிச் சரிசெய்கிறார்களே என்று தோன்றலாம். அது விரிசலுக்குச் சரி. திறந்து கிடக்கும் மெல்லிய கோட்டில் ஊற்றிய பிசின் வைப்பர் போட்ட சில நாளிலேயே உரிந்து வந்துவிடும். வண்டித்தடம் பதிந்த காட்டைச் சமப்படுத்த வெளியிலிருந்து ஒரு கூடை மண்கூடக் கொண்டுவரக் கூடாது என்றால் என்ன செய்ய முடியும்? தடத்தின் அடிமட்டம்வரை காடு முழுவதையும் வெட்டி இறக்க வேண்டியதுதான். கண்ணாடி பாலிஷ் என்பது அதுவே.

கணக்குப் போட்டால் வேலையின் அளவு பிடிபடும். இருபது மைக்ரான் ஆழமுள்ள கோட்டுக்காக 20 சென்டிமீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலப் பரப்பை அந்த ஆழத்துக்கு இறக்கினால், போகும் கண்ணாடி 0.8 கன சென்டிமீட்டர், எடையில் 2 கிராம். 2 கிராம்தானே என்று நினைக்கலாம். அதை உரசிப் பெயர்த்தால் பரப்பு முழுவதும் சொரசொரவென்று பனி பிடித்துப் போகும். பெயர்க்காமல், கிட்டத்தட்ட மூலக்கூறு மூலக்கூறாகக் கரைத்து எடுக்க வேண்டும். அதற்காகத்தான் மணிக்கணக்கில் நேரம் போகிறது.

மெருகு என்பது கரைத்து எடுப்பது என்ற இந்த முடிவுக்கு அறிவியலார் வந்து சேர 200 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1704இல் வெளிவந்த 'ஆப்டிக்ஸ்' நூலில் நியூட்டன் பாலிஷைப் பற்றி எழுதியிருக்கிறார். தம் தொலைநோக்கியின் உலோக ஆடியைத் தாமே கையால் தேய்த்தவர் அவர். பட்டறை அனுபவத்திலிருந்து வந்த கருத்து அது. மெருகு என்பது பெரிய கீறல்களைச் சிறிய கீறல்களாக மாற்றுவதுதான், கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிதானதும் பளபளப்பு என்கிறோம் என்பது அவர் கட்சி. சொரசொர எமரித்தாளிலிருந்து வழவழத் தாளுக்கு மாறி மாறித் தேய்க்கும் எந்தத் தச்சரும் இதை ஒப்புக்கொள்வார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்பியலாளர் லார்டு ரேலி நுண்ணோக்கியில் பார்த்தது வேறாக இருந்தது. தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடியை மெருகூட்டத் தொடங்கியதுமே மேடுகளின் உச்சிகள் மட்டும் முழுப் பளபளப்போடு தனித்தனித் தீவுகளாகத் தோன்றின. வேலை ஏற ஏறத் தீவுகள் அகன்றன, இடையில் இருந்த பள்ளங்கள் சுருங்கின. பெரிய கீறல் சின்னக் கீறலாக மாறும் இடைநிலை எதுவும் அங்கே இல்லை. அதே காலத்தில் வேதியியலாளர் ஜார்ஜ் பெய்ல்பி இன்னொன்றைக் கண்டார்: மெருகிட்ட பரப்பை அமிலத்தால் லேசாக அரித்தால், மறைந்துபோனதாக நினைத்த கீறல்கள் திரும்பத் தலைகாட்டின. மேற்பரப்பு தேய்க்கும்போது குழைந்து ஓடிப் பள்ளங்களை மூடிவிடுகிறது என்று அவர் முடிவுகட்டினார். இருவரும் ஒரே கண்ணாடியைப் பார்த்து இரண்டு கதை சொன்னார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருந்தது.

விடுபட்டுப்போன பாத்திரம் தண்ணீர். கண்ணாடியின் உடல், சிலிக்கன் அணுக்களை ஆக்சிஜன் அணுக்கள் பாலமாக இணைத்த பின்னல். தண்ணீர் மூலக்கூறு அந்தப் பாலத்தை மெல்ல உடைத்து, மேற்பரப்பை மிக மெல்லிய அளவுக்கு ஊறவைத்துவிடுகிறது. ஊறிய அந்தப் படலத்தின்மேல், கண்ணாடி மெருகுக்குப் பயன்படும் தூளான சீரியம் ஆக்சைடின் துகள் வந்து அமுங்கும்போது, துகளின் பரப்பும் கண்ணாடியின் சிலிக்கனும் ஆக்சிஜன் வழியாக ஒரு கணம் பிணைகின்றன. துகள் நகர்ந்தால் அந்தச் சிலிக்கனையும் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. 1990இல் லீ குக் எழுதிய ஆய்வுக்கட்டுரை இந்த வேதியியலைத் தொகுத்துச் சொன்னது. சிப் தயாரிப்பவர்கள் இன்றும் எடுத்துப் படிக்கும் கட்டுரை அது. எளிய சான்று ஒன்று உண்டு: தண்ணீருக்குப் பதிலாக நீர் கலக்காத எண்ணெயில் அதே சீரியத்தைக் கரைத்துத் தேய்த்தால் கண்ணாடி அசைந்து கொடுப்பதில்லை.

அதனால்தான் கடினம் இங்கே பெரிதாகப் பேசப்படுவதில்லை. சீரியம் ஆக்சைடின் கடினம் கண்ணாடியோடு கிட்டத்தட்டச் சமம். அதைவிடப் பன்மடங்கு கடினமான வைரத்தூளால் கண்ணாடியை வேகமாக அறுக்கலாம், குடையலாம். கடைசி மெருகுக்கு அது லாயக்கில்லை. பற்பசை தேய்த்தால் கோடு போய்விடும் என்ற கதையும் இங்கே முடிந்துவிடுகிறது. பல பற்பசைகளில் இருப்பது கால்சியம் கார்பனேட், மோஸ் அளவில் மூன்று. கண்ணாடிக் கோட்டை அது தொடக்கூட முடியாது. தேய்த்த பிறகு கோடு மங்கியதாகத் தெரிவது கோட்டுக்குள் வெள்ளைப் பசை அடைந்துகொண்டதால்தான்; ஒரு தடவை கழுவினால் கோடு பழையபடி சிரிக்கும்.

கடினமான தூளுக்குக் கொங்கில் பஞ்சமே இருந்ததில்லை. காங்கயத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சிவன்மலையின் பாறைகளை ஆராய்ந்து, அவற்றில் குருந்தம் இருப்பதை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் டி.எச். ஹாலண்ட் 1901இல் விரிவாக எழுதினார். முருகன் கோயில் படிக்கட்டில் ஏறுகிறவர்கள் பலருக்குக் காலடிப் பாறையின் இந்தப் புகழ் தெரியாது. குருந்தம் மோஸ் அளவில் ஒன்பது, வைரத்துக்கு அடுத்தபடி. நீலமும் கெம்பும் அதன் வண்ண வகைகள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பச்சைக்கல் வகையான பெரில் கிடைக்கும் படியூர். நொய்யலின் வடகரையில் கொடுமணல்.

கொடுமணலில் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகமும் பின்னர் புதுவைப் பல்கலைக்கழகமும் தமிழகத் தொல்லியல் துறையும் அகழ்ந்தன. பதிற்றுப்பத்து பெயர் சொல்லும் கொடுமணம் இதுவே என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். செய்து முடித்த மணிகளோடு, துளையிடாத மணி, பாதி துளைத்து உடைந்த மணி, சீவி எறிந்த சில்லு என்று பட்டறையின் எல்லாக் கட்டமும் அங்கே கிடைத்திருக்கின்றன. பெரில், படிகம், சூதுபவளம், செவ்வந்திக்கல் எல்லாம் கண்ணாடியைவிடக் கடினமானவை. கி.மு. நூற்றாண்டுகளில் அவற்றை வழவழப்பாக்கியவர்களுக்கு எந்தத் தூள் வெட்டும், எந்தத் தூள் மெருகேற்றும் என்ற வேறுபாடு கைப்பழக்கமாக இருந்திருக்க வேண்டும். அந்தக் கணிப்பு இல்லாமல் ஒரு மணியும் ஜொலித்திருக்காது.

சீரியம் தமிழ்நாட்டின் தென்கோடியில் கிடக்கிறது. 1909இல் திருவாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் கனிமத்தை ஜெர்மன் வேதியியலாளர் ஷாம்பெர்க் அடையாளம் கண்டார் என்பது மணவாளக்குறிச்சி கடற்கரையின் கதை. அந்த மோனசைட்டில் பாதிக்கு மேல் அரிய மண் தனிமங்களின் ஆக்சைடுகள். அவற்றிலும் பெரும் பங்கு சீரியம். தோரியமும் கூடவே இருப்பதால் மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம்தான் இந்த மணலைக் கையாள்கிறது. அரிய மண் என்ற பெயரைக் கண்டு மலைக்க வேண்டாம். பூமியின் மேலோட்டில் சீரியம் ஏறத்தாழச் செம்பு அளவுக்கு இருக்கிறது. அரிதானது பிரித்தெடுக்கும் ஆலைதான், அதில் சீனா வெகுதூரம் முன்னால் போய்விட்டது. 2010இல் சீனா ஏற்றுமதியை இறுக்கியதும் கிலோ சில டாலருக்கு விற்ற சீரியம் ஆக்சைடு 2011இல் 100 டாலரைத் தாண்டியது. டி.வி. திரைக் கண்ணாடி தயாரிப்பவர்கள் தேய்த்து முடித்த சேற்றைக்கூடச் சேர்த்துவைத்துச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தப் பழகினார்கள்.

கண்ணாடியைக் கரைத்து உருவம் கொடுப்பதில் தமிழ்நாட்டில் நிற்கும் உச்சச் சான்று ஜவ்வாது மலையின் காவலூர். 1986 ஜனவரி 6 அன்று திறக்கப்பட்ட வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் விட்டம். அதன் கண்ணாடிக் கட்டியை ஜெர்மனியிலிருந்து வரவழைத்து, தேய்ப்பும் மெருகும் இந்திய வானியற்பியல் நிறுவனத்திலேயே நடந்தன. அந்த அகலப் பரப்பு முழுவதும் இருக்க வேண்டிய வளைவிலிருந்து ஒளி அலைநீளத்தின் சிறு பங்குக்கு மேல் விலகக் கூடாது. கொஞ்சம் தேய்ப்பது, நிறுத்திச் சூடு ஆறவிடுவது, அளப்பது, எந்த இடம் உயர்ந்திருக்கிறதோ அங்கே மட்டும் திரும்பத் தேய்ப்பது. கார் கடையில் அளக்கும் கட்டம் இல்லை. கண்ணாடி பாலிஷில் பெரும்பாலான தவறுகள் அங்கேதான் நுழைகின்றன.

அவிநாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் ஜீடி கார் அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கும் பழைய கார்களைப் பார்க்கிறவர்கள் சக்கரத்தையும் விளக்கையும் பார்ப்பார்கள், கண்ணாடியைப் பார்க்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் அலை அலையாகத் தெரியாத கண்ணாடி வேண்டுமென்றால், வார்த்த தகட்டின் இரு பக்கத்தையும் மணல் போட்டுத் தேய்த்து, பிறகு இரும்பு ஆக்சைடுச் செந்தூளால் மெருகேற்ற வேண்டும். நீண்ட வரிசையில் இயந்திரங்கள் நின்று இதைச் செய்தன. 1959இல் இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் புதிய முறையை அறிவித்தது: உருகிய வெள்ளீயத்தின்மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிடு, இரு பக்கமும் தானே சமமாகிவிடும். தேய்ப்பும் மெருகும் ஒரே நாளில் வேலையிழந்தன என்று சொல்ல முடியாது, ஆனால் சில ஆண்டுகளில் இழந்தன. இன்று ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் ஆலையில் ஓடுவதும் இந்த மிதவை முறைதான். ஆக, இன்றைய கார் கண்ணாடியின் பரப்பு மனிதக் கையோ மெஷினோ தேய்த்து வந்ததில்லை. அந்தச் சமநிலையில் முதன்முதலாகக் கை வைப்பவர் கோட்டை எடுக்க வந்த பாலிஷ்காரர்.

கை வைப்பது எப்படி? கண்ணாடியைச் சோப்பு போட்டுக் கழுவி, ஒட்டியிருக்கும் தூசியைக் களிமண் கட்டியால் இழுத்தெடுத்த பிறகே வேலை தொடங்கும். ஒரு மணல் தங்கிவிட்டாலும் பேட் அதை வைத்துப் புதுக் கோடு போட்டுவிடும். கோட்டின் பின்பக்கம், அதாவது காருக்குள், மார்க்கரால் வட்டம் போட்டு அடையாளம் வைப்பார்கள், ஏனென்றால் சேறு பரவியதும் கோடு எங்கே என்று யாருக்கும் தெரியாது. சுற்றிலும் பானெட், ரப்பர், பெயின்ட் எல்லாவற்றையும் டேப்பும் பிளாஸ்டிக் ஷீட்டும் கொண்டு மூட வேண்டும். சீரியச் சேறு இண்டு இடுக்கில் காய்ந்தால் வெள்ளையாகக் கட்டிக்கொண்டு லேசில் விடாது.

பிறகு தூளைத் தண்ணீரில் பால் பதத்துக்குக் கரைத்து, கெட்டியான கம்பளி ஃபெல்ட் பேடில் தொட்டு, பாலிஷிங் மெஷினைக் குறைந்த வேகத்தில் ஓட்டுவார்கள். பேட் தட்டையாக உட்கார வேண்டும், ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. சேறு காய்ந்து பொடி பறந்தால் தேய்ப்பு நின்றுவிட்டதென்று அர்த்தம். சூடு மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். கைதேர்ந்தவர் ஒரு கையில் ஸ்பிரே பாட்டிலை விடமாட்டார். நிமிடத்துக்கு ஒரு தடவை மெஷினைத் தூக்கிப் புறங்கையைக் கண்ணாடிமேல் வைத்துப் பார்ப்பார். கை தாங்காத சூடு என்றால் அங்கே நிறுத்திவிடுவார்.

இந்தச் சூட்டுப் பயம் வீண்பயம் அல்ல. கண்ணாடி சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். தேய்க்கும் இடம் விரிய முயலும், சுற்றியுள்ள குளிர்ந்த பகுதி அதைப் பிடித்துவைக்கும். முன்கண்ணாடியில் இரண்டு இடங்களுக்கிடையே 40, 50 டிகிரி வித்தியாசம் வந்தாலே அது தாங்கும் எல்லையை இழுவிசை நெருங்கிவிடும். ஏற்கெனவே ஓரத்தில் சின்ன விரிசல் இருந்தால் அங்கிருந்து சடாரென்று ஓடும். சித்திரை வெயிலில் நின்ற வண்டியை அப்படியே கொண்டுவந்து பச்சைத்தண்ணி அடித்து வேலை தொடங்குவது விஷப்பரீட்சை.

இன்னொரு சிக்கல் கண்ணுக்கு உடனே தெரியாதது. கோடு இருக்கும் இடத்தில் மட்டும் அழுத்தித் தேய்த்தால் அங்கே சிறு குழி விழும். குழி என்றால் அது ஒரு குழிவு லென்ஸ். 5 சென்டிமீட்டர் அகலத்தில் நடுவில் 0.1 மில்லிமீட்டர் ஆழக் குழி விழுந்ததென்று வையுங்கள், ஒரு தலைமுடித் தடிமன்தான். அதன் வளைவு ஆரம் 3 மீட்டர் சொச்சம், குவியத் தூரம் சுமார் 6 மீட்டர். மூக்குக்கண்ணாடிக் கணக்கில் மைனஸ் 0.16. அதை யாரும் பவர் என்றே சொல்ல மாட்டார்கள். ஆனால் மூக்குக்கண்ணாடி கண் முன்னால் அசையாமல் நிற்கும். இந்தக் குழியின் வழியே சாலை நகர்ந்துகொண்டிருக்கும். வெள்ளைக்கோடு குழிக்குள் நுழையும்போது நெளியும், எதிர்வரும் வண்டியின் விளிம்பு நடுங்கும். சாய்ந்த முன்கண்ணாடி வழியே சரிவாகப் பார்ப்பதால் நெளிவு இன்னும் கூடித் தெரியும். ஆகவே கோட்டைச் சுற்றி அகலமாக, ஓரத்தில் மெல்லக் குறையும்படி இறக்க வேண்டும். அகலம் கூடினால் எடுக்க வேண்டிய கிராமும் கூடுகிறது. நகம் சிக்கும் கோட்டுக்குக் கடைக்காரர் தயங்குவது இந்த இடத்தில்தான். அதுவும் டிரைவர் கண்ணுக்கு நேரே என்றால் நல்ல கடைக்காரர் "மாத்திருங்க" என்று சொல்லிவிடுவார். வேலை போகிறதே என்று பார்க்காமல் அப்படிச் சொல்கிறவரிடம் மற்ற வேலையை நம்பிக் கொடுக்கலாம்.

இப்போது வரும் கார்கள் பலவற்றில், உள்ளே இருக்கும் பின்பார்வைக் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருக்கிறது. தடக்கோட்டையும் முன்வண்டியின் தூரத்தையும் அது அங்கே இருக்கும் உள்ளங்கை அளவு முன்கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறது. நெளிந்த பிம்பத்தைப் பார்த்து மனிதர் கண்ணைக் கசக்கிக்கொள்வார். கேமரா அதை அப்படியே நம்பும். அந்த இடத்தில் பேட் படவே கூடாது. பின்கண்ணாடியின் உள்பக்கம் ஓடும் சூடேற்றிக் கம்பிகளும் அப்படியே, ஒரு நிமிடத் தேய்ப்பில் அறுந்துவிடும்.

கோட்டால் கண்ணாடி பலம் குறையாதா? 1920களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் விமான ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த கிரிஃபித் இதற்குத்தான் விடை தேடினார். கணக்குப்படி கண்ணாடிக்கு இருக்க வேண்டிய பலத்தில் சிறு பங்குதான் நடைமுறையில் இருக்கிறது. காரணம் மேற்பரப்பின் நுண்கீறல்கள், அவற்றின் நுனியில் விசை குவிகிறது என்று காட்டினார். கோட்டின் ஆழம் நான்கு மடங்கானால் பலம் பாதியாகும். அப்படியானால் கோட்டை எடுத்தால் பலம் திரும்புமா என்றால், பெய்ல்பி கண்ட மறைந்த கீறல் நினைவுக்கு வரவேண்டும். மேலே மெருகு ஏறியிருந்தாலும் கீறலின் அடியில் கண்ணுக்குப் படாத நுண்விரிசல் தங்கலாம்.

பக்கக் கண்ணாடியின் கதை தனி. சுட்டு, காற்றடித்துச் சட்டென்று குளிரவைத்த டஃபன்டு கண்ணாடி அது. அதன் இரு பக்கத் தோலும், தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு ஆழம்வரை, எப்போதும் அமுக்கத்தில் இருக்கும். 4 மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் ஒவ்வொரு பக்கமும் 0.8 மில்லிமீட்டர். பாலிஷில் போகும் 20, 30 மைக்ரான் அதில் கால்தூசு. கோடு அந்தத் தோலைத் தாண்டி உள்ளே போயிருந்தால் கேள்வியே எழாது, கண்ணாடி அப்போதே பொடிப்பொடியாகக் கொட்டியிருக்கும். முன்கண்ணாடி அப்படிப் பதப்படுத்தியது அல்ல. இரண்டு மெல்லிய கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது, ஒவ்வொன்றும் 2 மில்லிமீட்டர் அளவு. பாலிஷில் அதிக கவனம் கேட்பது இதுவே.

வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து, கட்டம் போட்ட டைல்ஸ் சுவரையோ டியூப் லைட்டையோ கண்ணாடி வழியாகப் பார்த்தபடி தலையை மெதுவாக இடவலமாக அசைக்க வேண்டும். நேர்க்கோடுகள் ஓரிடத்தில் நெளிந்தால் அங்கே குழி விழுந்திருக்கிறது. சாயங்காலச் சூரியனை எதிரே வைத்து இன்னொரு தடவை. மங்கலான மூட்டம் தெரிந்தால் தேய்ப்பு பாதியில் நின்றிருக்கிறது, இன்னும் ஒரு சுற்று பேட் ஓட வேண்டும். இவ்வளவும் ஆன பிறகு, பீடிங்கில் சிக்கிய மணலை எடுக்காமல் பக்கக் கண்ணாடியை இறக்கி ஏற்றினால் அதே கோடு அதே இடத்தில் மறுபடி விழத் தொடங்கும். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, ரப்பர் இடுக்கில் பழைய டூத் பிரஷை விட்டுத் தண்ணீர் பீய்ச்சினால் மணல் வந்துவிடும். வைப்பர் ரப்பரையும் ஐப்பசி மழைக்கு முன்னால் விரலால் தடவிப் பார்த்து, விறைத்திருந்தால் மாற்றிவிடலாம்; கண்ணாடி மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒரு தொகையே இல்லை.